வேலைக்குச் சொல்லிவைக்கும் புது வழி

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசுக்காகப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆகவே சுருக்கமாகப் பேசுகிறேன்.

நம் முன்னோரில் பலர் கங்காணி மூலம் இந்நாட்டுக்கு வந்தவர்கள். தோட்டத்தில் வேலை பார்த்த கங்காணி, துரை அனுப்பிவைக்க, தம் ஊருக்கே போய்ச் சொந்தக்காரர்களையும் ஊராரையும் அழைத்து வந்தார். 1938-இல் இந்திய அரசு அதற்குத் தடை போட்டது. முறை போயிற்று, பழக்கம் போகவில்லை. இன்றும் பையன் படித்து முடித்தால், "மாமா, எங்கேயாச்சும் வேலை இருந்தா பாருங்க" என்றுதானே சொல்லி வைக்கிறோம்? மாமா நல்லவர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்தது அவர் வேலை செய்கிற இடம் ஒன்றுதான்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வெல்டிங் பயின்று எஸ்.கே.எம். மூன்றாம் நிலைச் சான்றிதழ் வாங்கினார். வாங்கியும் இரண்டு வருடம் காவலாளியாக நின்றார். செனவாங்கிலும் நீலாயிலும் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று அவர்களிடம் சொல்ல ஆளில்லை.

மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் நகருக்கு அருகில் புதிதாக வேலை மாறியவர்களை அவர் விசாரித்திருந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி சந்திப்பவரால் பெற்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கும் ஆளே வழி சொல்லியிருக்கிறார். காரணம் நமக்குப் புரியாததா? லயத்தில் ஒரு வீட்டுக்குத் தெரிந்த செய்தி பத்து வீட்டுக்கும் தெரியும். புதுச்செய்தி வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

அந்தத் தூரத்துப் பழக்கத்தைத்தான் 2003-இல் தொடங்கிய லிங்க்ட்இன் போன்ற இணையத் தளங்கள் கைத்தொலைபேசியில் கொண்டு வந்து தருகின்றன. இது கல்யாணப் படம் போடும் இடமல்ல; படிப்பையும் தொழிலையும் எழுதி வைக்கும் இடம். 2 கோடிப் பேருக்கு மேற்பட்ட லிங்க்ட்இன் பயனாளர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2022-இல் வெளிவந்தது. நெருங்கியவரைவிட ஓரளவே பழகியவரால்தான் வேலை மாற்றம் அதிகம் என்று அதுவும் கண்டது. ஆனால் பழக்கம் மிகவும் மெலிந்துபோனாலும் பயன் குறைகிறதாம். ஆகவே முகமறியாத ஆயிரம் பேரைச் சேர்ப்பது வீண் வேலை. கூடப் படித்தவர், பயிற்சி தந்த ஆசிரியர், இரண்டு வருடம் முன்னால் பாலிடெக்னிக் போன அண்ணன், அக்கா, இவர்களைத் தேடிச் சேருங்கள். எடுத்த எடுப்பில் "வேலை கொடுங்க" என்று கேட்காதீர்கள். "உங்க இடத்துல என்ன சான்றிதழ் கேட்கிறாங்க அண்ணே?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் சங்கடமில்லை.

எழுதும்போது "கடின உழைப்பாளி" என்று எழுதிப் பயனில்லை. அதை எல்லோரும் எழுதுகிறார்கள். எந்த இயந்திரத்தில், எத்தனை மாதம், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவரும் டிராக்டர் ஓட்டியவரும் தொழில் தெரிந்தவர்களே! "நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள். சொக்சோ நடத்தும் மைபியூச்சர்ஜோப்ஸ் தளத்திலும் பதிந்து வையுங்கள்; காசு கட்டத் தேவையில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டில் பெரிய சம்பளம் என்று நம்பிப் போய், கம்போடியாவிலும் மியன்மாரிலும் அடைபட்டுக் கிடந்த மலேசியர்களைப் பற்றி 2022-இல் பத்திரிகைகளில் படித்தோம். முன்பணம் கேட்டாலும், ஏ.டி.எம். அட்டையைக் கேட்டாலும், அது வேலையல்ல. பிள்ளை மறைத்தாலும் விடாமல் கேளுங்கள்.

லிங்க்ட்இனில் 16 வயது நிரம்பியவர்களே சேரலாம். ஆகவே இங்கே இருக்கும் சின்னப் பிள்ளைகள் ஆசைப்பட வேண்டாம். வீட்டிலுள்ள அண்ணன், அக்காவை அனுப்புங்கள். வருகிற சனிக்கிழமை காலை நம் பள்ளிக் கணினி அறை திறந்திருக்கும். எஸ்.பி.எம். முடித்தவர்கள் சான்றிதழோடு வாங்க. அப்பா, அம்மாவும் கூட வரலாம்.