கடைசி வாங்கில் மூன்று வாரம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"ரீச்சர், அறுபத்துமூன்று வயதில் தனியப் பிரான்சுக்குப் போய்ப் படிச்சனீங்களாம், அதைச் சொல்லுங்கோ" என்று சங்கச் செயலாளர் கேட்டார். சொல்கிறேன். இங்கே சிலரிடம் நான் கேட்கவேண்டிய ஒரு மன்னிப்பும் அதற்குள் இருக்கிறது. அது இடையில் வரும்.

என் மகன் பரிசுக்கு அருகே குடும்பத்தோடு இருக்கிறான். பேத்திக்கு ஒன்பது வயது. தமிழ் கொஞ்சம் விளங்கும், பேச வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் முகம் பார்த்து, "அப்பம்மா, சுகமா?" என்பாள். "சுகம், சாப்பிட்டியா குஞ்சு?" என்பேன். அத்தோடு எங்கள் இருவரின் பேச்சும் முடிந்துவிடும். மிச்சத்தை மகன் மொழிபெயர்ப்பான். ஒருநாள் பிள்ளை அழுதழுது ஏதோ நீளமாகச் சொன்னாள். என்னவென்று கேட்டேன். "ஒண்டுமில்லை அம்மா, பள்ளிக்கூடத்துப் பிரச்சினை" என்றான். இரண்டு நிமிட அழுகைக்கு அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மகன் வீட்டில் நின்றே படித்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். அங்கே நான் வாய் திறக்குமுன் மருமகள் எனக்காகப் பேசிவிடுவாள். பரிசில் லா சப்பல் பக்கம் போனால் முருங்கைக்காயிலிருந்து நகைவரை தமிழிலேயே வாங்கலாம். எனக்குத் தமிழ் உதவிக்கு வராத ஓர் ஊர் வேண்டியிருந்தது. லுவார் நதிக்கரையிலுள்ள தூர் நகரத்தைத் தெரிந்தெடுத்தேன். அங்கே 1912 இலிருந்து வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் ஒரு நிறுவனம் உண்டு. போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மூன்று வாரப் படிப்புக்குக் குறுங்கால ஷெங்கன் விசா போதும். 180 நாட்களுக்குள் 90 நாள் வரை நிற்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்புறுதி கட்டாயம். தங்குவதற்கு என் வயதையொத்த ஒரு விதவை அம்மாவின் வீட்டில் அறை கிடைத்தது. அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. அது என் அதிர்ஷ்டம்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். எனக்கு அடுத்த மூத்தவருக்கு முப்பத்தொரு வயது. படிப்பிக்க வந்த பிள்ளை நான் கடைசியாகப் படிப்பித்த தொகுதியின் வயதுக்காரி. முதல் வாரம் எண்கள். முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்த எனக்கு எண்கள் என்ன கஷ்டம் என்று நிமிர்ந்து இருந்தேன். பிரெஞ்சுக்காரருக்கு எழுபது என்றால் அறுபதும் பத்தும். எண்பது என்றால் நான்கு இருபது. தொண்ணூற்றேழு, நான்கு இருபதும் பதினேழும்! தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 'அறுபது' என்று காதில் விழ, 60 என்று எழுதுவேன். உடனே 'பதினான்கு' வரும். அது 74. அதை வெட்டித் திருத்துவதற்குள் மற்றவர்கள் எண்ணை எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாள் நானாகவே கடைசி வாங்குக்குப் போய்விட்டேன்.

அங்கே இருந்தபோதுதான் உங்களில் சிலருடைய முகங்கள் வந்தன. பின்னம் விளங்காமல் கொப்பியைக் கையால் மறைத்துக்கொண்டு இருந்தவர்கள். "இதுகூடவா விளங்கேல்லை?" என்று கேட்டு நான் வாங்கில் ஏற்றி நிறுத்தியவர்கள். விளங்கவில்லை என்பதைச் சொல்லவும் ஒரு மொழி வேண்டும், பயத்தில் அதுவும் வராது என்பது எனக்கு அறுபத்துமூன்று வயதில்தான் தெரிந்தது. பிள்ளைகளே, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியும்.

அந்த ஆசிரியை என்னை ஏசவில்லை. அதே எண்ணை அதே வேகத்தில் நாலு தரம் சொன்னார், முகம் மாறாமல். நான் கடைசியில், எங்கள் தொண்ணூறிலும் பத்தைக் காணோம், நூறுதான் எட்டிப் பார்க்கிறது என்று அரைகுறையாக விளக்கினேன். சந்தோஷப்பட்டுப் பலகையில் எழுதவைத்தார். மரியாதைப் பன்மையும் எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. அவர்களிடம் நீயும் நீங்களும்தான். எங்கள் 'நீர்' அவர்களிடம் இல்லை. உங்களையெல்லாம் நான் கூப்பிட்ட சொல்!

ஒரு கேள்விக்கு மட்டும் வெட்கப்பட்டேன். என்னென்ன மொழி தெரியும் என்று கேட்டார். தமிழ், ஆங்கிலம் என்றேன். "உங்கள் நாட்டின் மற்ற மொழி?" என்றார். பஸ்ஸிலும் கந்தோரிலும் சமாளிக்கும் பத்துச் சிங்களச் சொற்கள்தான் என்னிடம் இருந்தன. காரணங்கள் உண்டு, இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு அவற்றைச் சொல்லத் தேவையில்லை. அங்கே சொல்ல எனக்குப் பிரெஞ்சு காணாது. பேசாமல் இருந்தேன்.

இரண்டாம் ஞாயிறு, தனியே தேவாலயத்துப் பக்கம் நடந்து அருகிலுள்ள கலைக்கூடத்தின் முற்றத்துக்குப் போனேன். பெரிய சீடர் மரம் ஒன்று கிளைகளைப் பரப்பி நிற்கிறது. எதிர்க் கொட்டிலில், பாடம் செய்யப்பட்ட ஓர் ஆசிய யானை! 1902 இல் பார்ணம் அண்ட் பெய்லி சர்க்கஸ் தூருக்கு வந்தபோது கட்டுக்கு அடங்கவில்லையென்று கொல்லப்பட்ட பிரிட்ஸ் என்ற யானை. அவ்வளவு தூரத்தில் அதைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் ஒரு தாத்தாவும் சின்னப் பேரனும் நின்றார்கள். யாரும் கேட்காமலே வாய் திறந்து, எங்கள் நாட்டில் யானைகள் உண்டு என்று சொன்னேன். நான் பாவித்த சொல்லுக்கு 'என் வீட்டில்' என்றும் பொருள். பெடியன் கண்ணை விரித்து, "எத்தனை?" என்றான். யாழ்ப்பாணத்து வீட்டில் ஏது யானை? நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் என் பயம் பாதி போயிற்று.

படிப்பு முடிந்து மகன் வீட்டுக்குப் போனேன். பிள்ளை குசினி மேசையில் இருந்து பழைய கதையைத் திரும்பச் சொன்னாள். சிநேகிதி வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாளாம். இடைவேளையில் மதிலோடு தனியே நிற்கிறாளாம். மகன் சொன்னது பொய்யல்ல, ஆனால் அந்த மதில் அவன் மொழிபெயர்ப்பில் இருக்கவில்லை. எனக்கும் பாதிதான் விளங்கியது. "மெதுவாகச் சொல்லு" என்று கேட்க மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. அவளும் மெதுவாகச் சொன்னாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எனக்குச் சொல்வதெழுதல் வைக்கிறாள். போன கிழமை பதினொரு பிழை. மேசை பெண்பால் என்பதை இன்னும் மறந்துபோகிறேன். பிழை திருத்தும்போது அவள் முகத்தைப் பார்த்தால், அச்சு அசலாக நான்தான்.