நீரிழிவு: தனிமனிதப் பத்தியம் அல்ல, கூட்டுக் கல்வி

(கிளைச் செயலாளர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சில ஆண்டுகளுக்கு முன் மே தினப் பேரணியின் நடுவில் எனக்கு உடல் வியர்த்து, கை நடுங்கி, நாக் குழறியது. வெயிலின் கொடுமை என்று உடன் வந்த தோழர்கள் நிழலில் அமர்த்தினார்கள். உண்மையில், அன்று காலை கிளிமிபிரைடு மாத்திரையை விழுங்கிவிட்டு, உணவு உண்ணாமலே கொடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருந்தேன். இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிட்டது. அப்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் குடித்திருந்தால் போதும். நினைவிழந்த பின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இவ்வளவு எளிய செய்தியை, ஒன்பது ஆண்டுகள் மருந்து உண்ட எனக்கு எவரும் சொல்லவில்லை. நோயை மறைத்து வாழ்ந்த நானும் கேட்கவில்லை.

இது என் ஒருவனின் கதையல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது; மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கின்றனர். மருத்துவர் நம்மைப் பார்ப்பது மாதத்திற்குச் சில நிமிடங்கள். எஞ்சிய பொழுதெல்லாம் நோயைக் கையாள்பவர் நோயாளியே. அதற்கான அறிவு அவர் கையில் இருக்க வேண்டாமா?

இந்த அறிவு குழுவில்தான் நன்கு வேரூன்றுகிறது. இரவுப் பணியாளர் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்ற கேள்வியை ஒருவர் எழுப்பினால், பத்துப் பேருக்கு விடை கிடைக்கிறது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமணல் நிரப்பிய மண்பானையில் இன்சுலினைக் காக்கும் முறையை, அதைச் செய்துவரும் பெண் தோழரே விளக்குகிறார். உணர்விழந்த பாதத்தில் ஆணி குத்தியதை அறியாமல் விரலை இழந்தவர் பேசும்போது, அன்றிரவே அனைவரும் தம் பாதங்களைப் பார்க்கின்றனர்.

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், நீரிழிவு அபாயம் மிகுந்தோரிடையே இத்தகைய முயற்சி ஒன்று நடந்தது. வாக்குச்சாவடி எல்லைகளை அலகாகக் கொண்டு குழுக்கள் அமைந்தன. ஓராண்டில் 15 அமர்வுகள். பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், குழுவிலிருந்தே தேர்வாகிப் பயிற்சி பெற்றவர்கள். 2018இல் வெளியான அதன் முடிவுகளை மிகைப்படுத்தலாகாது: புதிதாக நோயுற்றோர் எண்ணிக்கை திட்டவட்டமாகக் குறைந்ததாக ஆய்வு நிறுவவில்லை. ஆனால் காய்கறி, பழம் உண்பது கூடியது, மதுப்பழக்கம் குறைந்தது. எளிய மக்கள் எளிய மக்களுக்குக் கற்பிக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. “உன் உடல்நலம் உன் பொறுப்பு” என்று கூறி அரசு கைகழுவுவதற்கு நம் குழுக்கள் கருவியாகிவிடக் கூடாது. அரிசியும் கோதுமையும் மட்டுமே ரேஷனில் பெறும் குடும்பத்திடம் பருப்பும் காய்கறியும் உண்ணுங்கள் என்று சொன்னால் போதுமா? 2025க்குள் சுகாதாரத்திற்கு அரசுச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை வாக்களித்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கும் ஆஷா ஊழியர்கள் இன்றும் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்படாமல், ஊக்கத்தொகையில் உழல்கின்றனர்.

ஆகவே நம் பணி இரண்டு. ஒவ்வொரு கிளையும் மாதம் ஒருமுறை, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரை அழைத்து நீரிழிவுக் குழுவைக் கூட்ட வேண்டும். மாத்திரை அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை, குழுவின் வேலையல்ல. அந்தக் கூட்டத்தில் எழும் குறைகளை, இன்சுலின் தட்டுப்பாடாயினும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனை வசதி இன்மையாயினும், கோரிக்கையாக்கி நிர்வாகத்திடம் கொண்டுசெல்ல வேண்டும்.

முதற்படியை இன்றே தொடங்குவோம். இந்த அரங்கில் நீரிழிவு உள்ள தோழர்கள் தயங்காமல் கை உயர்த்துங்கள். இதோ, நான் உயர்த்துகிறேன்.