ஈரல் நோயும் வீண் பழியும்

நம் கூட்டங்களில் கூலியைப் பற்றியும் போனசைப் பற்றியுமே பேசுவது வழக்கம். இன்று ஈரலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

லயத்தில் ஒருவருக்கு வயிறு வீங்கிக் கண் மஞ்சளித்தால், "குடித்துக் கெட்டான்" என்று சொல்லிவிடுகிறோம். ஒரு சொட்டுக் கள்ளும் தொடாத தாய்மாருக்கும் இந்நோய் வந்ததைக் கண்டிருக்கிறோம். பழிக்கு அஞ்சி அவர்கள் நோயை மறைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது.

ஈரல் எப்படிக் கெடுகிறது? பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி அளவாக இறங்கினால் பட்டை மீண்டும் சீராக வளரும். ஆழமாக இறங்கிக் காயம் பட்டால், அவ்விடம் முண்டும் முடிச்சுமாக ஆறும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. ஈரலும் அப்படித்தான். சிறு காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் ஓயாமல் காயம் பட்டால், தழும்பேறி இறுகிவிடும்.

அக்காயத்துக்குக் காரணங்கள் பல. மது ஒன்று, கள்ளானாலும் சம்சுவானாலும் பீரானாலும் கேடுதான். இதை நாம் மறைக்கவில்லை. அடுத்து, ஹெப்படைட்டிஸ் பி, சி என்னும் கிருமிகள். இவை பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும், இரத்தம், சுத்தம் செய்யாத ஊசி, சவரக் கத்தி, உடலுறவு ஆகியவற்றின் வழியாகவும் பரவும். ஒரே தட்டில் உண்பதால் பரவா. மற்றொன்று, இனிப்புநீரும் உடற்பருமனும் உள்ளவர்களின் ஈரலில் சேரும் கொழுப்பு.

மலேசியாவில் பிறக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் பி தடுப்பூசி போடுவது 1989-இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்கு அது கிட்டவில்லை. கிருமி உள்ளே இருந்தும் ஆண்டுக்கணக்கில் வலி தெரியாது. இரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

கண்டுபிடித்தால் வழியுண்டு. பி கிருமியை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். சி கிருமியைச் சுமார் மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் ஒழித்தே விடலாம். அதற்கான சொபோஸ்புவிர் மருந்து ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. 2017-இல் மலேசிய அரசு, காப்புரிமையையும் மீறி, மலிவு மருந்து பெற வழி செய்தது. குடிப்பவரும் குடியை விட்டால் ஈரல் மேலும் கெடுவதைத் தடுக்கலாம்.

ஆகவே தோழர்களே, நோயாளியிடம் "குடித்தாயா?" என்று கேட்குமுன், "இரத்தம் சோதித்தாயா?" என்று கேளுங்கள். தனியே போக அஞ்சுபவருக்குத் துணையாகச் செல்லுங்கள். குடித்தவரானாலும் குடிக்காதவரானாலும் அவர் நம்மவரே.