மேசை பொருள்தானே, மிஸ்?

காயல்பட்டினத்தில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தபோது நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

பெயர்ச்சொல் வகைகளை நடத்திய அன்று, கரும்பலகையில் 'மெட்டீரியல் நவுன்' என்று எழுதி, எதிரே 'பொருட்பெயர்' என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரத் தேர்வில் ஒரு மாணவி அதற்கு எடுத்துக்காட்டாக 'டேபிள்' என்று எழுதியிருந்தாள். தவறு என்று சுழித்தேன். தாளோடு வந்தவள், "மேசை பொருள்தானே, மிஸ்? தமிழ் மிஸ் அப்படித்தானே சொன்னாங்க?" என்றாள்.

தமிழ் ஆசிரியை சொன்னது சரி. நன்னூல் வழியில் பெயர்ச்சொல் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறு. அங்கே மேசை மட்டுமல்ல, கேள்வி கேட்ட மாணவியும் பொருட்பெயர்தான். ஆங்கிலத்தில் மேசை 'காமன் நவுன்'. அது செய்யப்பட்ட மரம், அதாவது 'வுட்', 'மெட்டீரியல் நவுன்'. நான் எழுதிப்போட்ட மொழிபெயர்ப்புதான் அவளை ஏமாற்றியது. மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன்.

இன்னொரு பொறியும் உண்டு. 'ப்ராப்பர் நவுன்' என்பதைச் சிறப்புப்பெயர் என்கிறோம். தமிழிலோ மரம் பொதுப்பெயர், மா சிறப்புப்பெயர். அதை நம்பிய பிள்ளை 'மேங்கோ'வைப் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. இதற்கு ஊர்ப்பெயரே உதவியது. காயல் என்றால் எந்தக் காயலும், பட்டினம் என்றால் எந்தக் கடற்கரை ஊரும். இரண்டும் சேர்ந்தால் ஒரே ஊர். அதற்குத்தான் பெரிய எழுத்து.

எண்ணக்கூடியவை, எண்ண முடியாதவை என்ற பிரிவுக்கு ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்கள் கைகொடுத்தன. ஒரு தட்டில் கல் உப்பை வைத்து, "எண்ணுங்கள்" என்றேன். ஒரு பையன் உண்மையாகவே எண்ணத் தொடங்கினான். முப்பதைத் தாண்டியதும் நிமிர்ந்து, "கல்லைத்தான் மிஸ் எண்ணுறேன், உப்பை எண்ண முடியலை" என்றான். எந்த இலக்கண நூலிலும் இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை. 'சால்ட்' எண்ணப்படாது, 'கிரெய்ன்', 'ஸ்பூன்', 'பேக்' எண்ணப்படும். (அறிவியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்க, வேதியியலில் 'சால்ட்ஸ்' உண்டு.)

அதன்பின் 'இது என்ன வகை?' என்று தனிச்சொல்லைக் கொடுத்துக் கேட்பதை விட்டுவிட்டேன். வாக்கியத்தோடு கொடுக்கிறேன். 'அயர்ன்' உலோகமானால் எண்ண மாட்டோம், சலவைப்பெட்டியானால் எண்ணுவோம். 'சிக்கன்' முற்றத்தில் மேய்ந்தால் ஒன்று, இரண்டு. குழம்பில் கிடந்தால் கறி.

போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: "கடற்கரையில் சீலாவை எண்ணித்தானே ஏலம் விடுறாங்க, வீட்டுக்கு வந்து துண்டு போட்டபிறகு அது எது மிஸ்?" அன்றைய பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.