காவலும் கூலியும்

(ஏற்காட்டில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



'கா' என்னும் ஓரெழுத்தொருமொழிக்குக் காத்தல் என்பதும் பொருள். சோலை என்பதும் பொருள். காக்கப்படுவதே சோலை என்று கொண்டால் இரண்டும் ஒன்றாய் முடியும். இவ்விளக்கத்தை ஏலாத புலவரும் உளர், இருக்கட்டும். சேர்வராயன் மலைமேல் குளம்பித் தோட்டங்களுக்கிடையே வாழ்வார்க்கு இதனை நிறுவச் சொல்லாராய்ச்சி வேண்டா. பழம் சிவக்கும் பருவத்தில் தோட்டக் காவற்காரர் ஓரிரவு கண்ணயர்ந்தால், விடியலில் எத்தனை செடி மொட்டையாய் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அக்காவற்காரர் மறுநாட் காலை தோட்டத்து உடைமையாளர்முன் சென்று, "களவு போனது போகட்டும், என் மேற்பார்வைக் கூலியை எடுத்து வையும்" என்று கேட்பாரா? கேட்டால் இம்மலை அவரை என்ன சொல்லும்?

அங்ஙனம் கேட்டவர் ஒருவர் உளர். அவர் கேட்ட இடம் இலண்டன் மாநகர். ஆங்கிலேய நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழுவின் முன்னிலை. நாள், தி.பி. 2043, அஃதாவது கி.பி. 2012, சூலை 17.

நடந்தது இது. அவ்வாண்டு சூலை 27 அன்று இலண்டனில் ஒலிம்பிக்கு விளையாட்டு விழா தொடங்கவிருந்தது. விழாக் களங்களைக் காக்கும் பணியைச் 'சி-4-எசு' என்னும் தனியார் காவற் குழுமம் ஏற்றிருந்தது. 2010 திசம்பரில் எழுதப்பெற்ற முதல் ஒப்பந்தத்தின்படி 2,000 காவலர். தொகை 8 கோடியே 60 இலக்கம் பவுண்டு. ஓராண்டு கழிந்தபின், கணக்குத் தவறு, காவலர் போதார் என்று சொல்லி 10,400 பேராகப் பெருக்கினர். தொகையும் 28 கோடியே 40 இலக்கம் பவுண்டாக உயர்ந்தது. ஐந்து மடங்கு ஆளைச் சேர்க்க ஏறத்தாழ ஏழு திங்களே எஞ்சியிருந்தன என்பதைக் கையொப்பமிட்டவர் எவரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. உலகெங்கும் ஆறு இலக்கத்திற்கு மேற்பட்ட பணியாளரை வைத்திருந்த குழுமம் அது. அவ்வளவு பெரிய ஆலமரம் சாயுமா என்று அனைவரும் அதன் நிழலில் உறங்கினர்.

விழாவுக்குப் பதினாறு நாள் இருக்கையில், சொன்ன தொகையில் ஆளனுப்ப இயலாது என்று குழுமம் கைவிரித்தது. மறுநாள், சூலை 12 அன்று, உள்துறை அமைச்சராயிருந்த தெரசா மே 3,500 படைமறவரைக் கூடுதலாக அனுப்புவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதுவும் போதாமையால், தொடக்க நாளுக்கு மூன்று நாள் முன்பு மேலும் 1,200 பேர் அழைக்கப்பட்டனர். மொத்தம் 18,200 மறவர் விளையாட்டு விழாவுக்குக் காவல் நின்றனர். ஆப்கானித்தானத்துப் போர்க்களத்திலிருந்து மீண்டு, மனைவி மக்களுடன் நாலுநாள் இருக்க விடுப்புப் பெற்றிருந்தவரும் அவருள் அடங்குவர். இலண்டனில் 'தொபாக்கோ தாக்கு' என்னும் பழைய கடைவளாகத்தில் மடக்குக் கட்டில்களைப் பரப்பி அவர்களைப் படுக்கவைத்தனர்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அதற்கு ஒரு கிழமைக்கு முன், சூலை 5 அன்றுதான், அந்நாட்டுத் தரைப்படையை ஓரிலக்கத்து ஈராயிரம் பேரிலிருந்து 82,000 பேராகக் குறைக்கும் திட்டத்தை அரசு வெளியிட்டிருந்தது. வேலை போகப்போகிறது என்று அறிவிக்கப்பட்ட மறவரையே, வேலை செய்யாத தனியாருக்கு மாற்றாள் ஆக்கினர்.

மக்கட் சினம் எழுந்தது இங்கேதான். ஆள் கிடைக்கவில்லை என்று குழுமம் சொன்னதா? வேலையின்றி வாடிய இளைஞர் பல்லாயிரவர் விண்ணப்பித்திருந்தனர். நேர்காணலுக்குச் சென்றவர், பயிற்சி முடித்தவர், உடைக்கு அளவு கொடுத்தவர் எனப் பலர், எங்கே எந்நாள் வரவேண்டும் என்னும் ஓலை வாராமல் வாயிலைப் பார்த்திருந்தனர். ஆளும் இருந்தது, பணமும் இருந்தது, ஆளைப் பணியிடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் திறமே இல்லை. மான்செசுட்டரை அடுத்த சால்போர்டில் ஒரு விடுதிக்கு 56 காவலர் வரவேண்டியிருக்க, வந்தவர் 17 பேர். எஞ்சிய இடத்தை அரசின் காவல்துறையினர் நிரப்பினர்.

இந்நிலையிற்றான் குழுமத்தின் தலைமை அலுவலர் நிக்கு பக்கிள்சு நாடாளுமன்றக் குழுமுன் வந்தார். இது நாட்டிற்கே தலைக்குனிவான குழறுபடியன்றோ என்று ஓர் உறுப்பினர் வினவ, மறுக்கவியலாது என்றார். பின்னர், மேலாண்மைக் கட்டணமாகிய 5 கோடியே 70 இலக்கம் பவுண்டைக் கேட்பீர்களா என்ற வினாவுக்கு, கேட்போம் என்று விடையிறுத்தார். அவையிலிருந்தோர் திகைத்துப் போயினர். அவ்வாண்டு செபுதம்பரில் வெளிவந்த குழுவின் அறிக்கை, பழி முழுதும் அக்குழுமத்தையே சாரும், கட்டணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எழுதியது. உயரலுவலர் இருவர் பதவி விலகினர். முடிவில், 2013 பிப்பிரவரியில் கணக்குத் தீர்ந்தபோது, அவ்வொப்பந்தத்தில் 7 கோடிப் பவுண்டு இழப்பு என்றும், பிற செலவுங் கூட்டி 8 கோடியே 80 இலக்கம் என்றும் குழுமம் அறிவித்தது.

அன்றைய படைத்துறை அமைச்சர் பிலிப்பு ஆமாண்டு சொன்னது எண்ணத்தக்கது. தனியார் செய்யும் முறையே சிறந்தது என்னும் முன்முடிவோடு பொறுப்பேற்றதாகவும், இந்நிகழ்ச்சி அதை மறுபடி எண்ணவைத்ததாகவும் அவர் ஒப்புக்கொண்டார். தனியார்மயத்தைத் தம் கொள்கையாகக் கொண்ட கட்சியின் அமைச்சர் அவர் என்பதை இங்கு மறவற்க.

பழந்தமிழகத்தில் ஊர்காவல் எப்படியிருந்தது? சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்னும் வரி பன்முறை வருகிறது. காவலுக்கென்றே ஊரார் இறுத்த வரி அது. பிற்காலத்துத் தென்பாண்டி நாட்டில் காவற்காரர் விளைச்சலில் ஒரு பங்கு பெற்றனர். களவு போயின், பொருளை மீட்டுத் தருவதோ ஈடு கட்டுவதோ அவர் கடமை. இம்முறையைப் பொன்னே போற் புகழ வேண்டா. காவற்காரரே மிரட்டிப் பணம் பறித்த ஊர்களும் இருந்தன. அதைச் சாக்காக வைத்தே கும்பினியார் அதனை ஒழித்துத் தம் காவல் துறையை நிறுவினர். ஆயினும் காவல் தவறினால் இழப்பு காவற்காரன் தலைமேல் என்ற அடிப்படை அன்று இருந்தது. ஒப்பந்தத் தாளில் நூறு பிரிவு எழுதும் இற்றை நாளில் அவ்வொரு பிரிவைத் தேடவேண்டியிருக்கிறது.

திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று ஓரதிகாரம் வைத்து, அதனையடுத்துத் தெரிந்துவினையாடல் என்று மற்றோரதிகாரம் வைத்தார். ஆளைத் தேர்ந்தெடுப்பது வேறு. தேர்ந்தவனை வினைக்கண் ஆளுவது வேறு. இலண்டன் அரசு முன்னதைச் செய்துவிட்டு, பின்னதும் முடிந்தது என்று இருந்துவிட்டது.

இலண்டனோடு இது முடிந்திருந்தால் ஒரு விளையாட்டு விழாவின் குழறுபடி என்று விட்டுவிடலாம். குற்றவாளிகளின் உடலில் மின்பொறி கட்டிக் கண்காணிக்கும் பணியும் அக்குழுமத்தின் கையில் இருந்தது. இறந்தவர்க்கும், சிறைக்கு மீண்டவர்க்கும் சேர்த்து அரசிடம் கட்டணம் வாங்கியது 2013-இல் வெளிப்பட்டது. 2014-இல் ஏறத்தாழ 10 கோடியே 90 இலக்கம் பவுண்டைத் திருப்பிக் கொடுத்தது. 2020-இல் 3 கோடியே 85 இலக்கம் பவுண்டு தண்டமும் கட்டியது. 2011-இல் பெர்மிங்காம் சிறையை நடத்த ஏற்றது. 2016-இல் அங்குப் பெருங்கலகம். 2018-இல் அரசே சிறையை மீட்டுக்கொண்டது.

தமிழர் நெஞ்சைச் சுடும் செய்தி மானுசுத் தீவினது. படகேறி உயிர்பிழைக்க வந்த ஏதிலியரை ஆத்திரேலிய அரசு பாப்புவா நியூகினியின் அத்தீவில் அடைத்து வைத்தது. ஈழத்தமிழரும் அவருள் இருந்தனர். 2013 அக்தோபர் முதல் 2014 மார்ச்சு வரை அங்குக் காவல் சி-4-எசு குழுமத்தினது. 2014 பிப்பிரவரிக் கலவரத்தில் இரேசா பராத்தி என்னும் 23 அகவை ஈரானியக் குருது இளைஞர் கொல்லப்பட்டார். கொலைக்குத் தண்டிக்கப்பட்ட இருவருள் ஒருவர் அக்குழுமத்தின் காவலரே! யாரைக் காக்க நிறுத்தினரோ அவரையே அடித்துக் கொன்றனர். 2017-இல், அங்கு அடைபட்டிருந்த 1,905 பேர் தொடுத்த வழக்கில் ஆத்திரேலிய அரசு 7 கோடித் தாலர் தர இசைந்தது. பணம் மக்கள் வரிப்பணம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் துப்புரவும் காவலும் ஒப்பந்தக் குழுமங்களின் வழியே நடக்கின்றன. அரசு கொடுக்கும் தொகை ஒன்று, வாயிலில் நிற்கும் காவலரின் கையில் சேரும் கூலி வேறொன்று என்று அப்பணியாளர் ஊர்தோறும் குரலெழுப்பி வருகின்றனர். தனியார் காவல் முகமைகளை ஒழுங்குபடுத்த 2005-இல் சட்டம் வந்தது. 2006-ஆம் ஆண்டு மாதிரி விதிகள், காவலர்க்கு நூறு மணி வகுப்புப் பயிற்சியும் அறுபது மணிக் களப் பயிற்சியும் வேண்டும் என்றன. நீலச்சட்டையும் ஊதலும் கொடுத்து மறுநாளே வாயிலில் நிறுத்தப்படும் முதியவர்க்கு அந்நூற்றறுபது மணியை யார் கொடுத்தார்? நோயாளியின் உறவினர் சினந்து பாயும்போது, கையில் ஒரு கோலுமின்றி நிற்பவர் அவரே. பழியும் அவருக்கே, ஆதாயம் எங்கோ இருப்பவர்க்கு.

மாற்று இல்லாமலில்லை. முன்னாட் படைமறவரைக் காவற்பணிக்கு அனுப்பும் 'தெக்சுகோ' என்னும் கழகத்தைத் தமிழ்நாடு அரசு 1986-இலேயே தொடங்கியிருக்கிறது. அரசு நிறுவனம் என்பதாலேயே குறையற்றதாகிவிடாது; ஆனால் அதன் கணக்கைச் சட்டமன்றம் கேட்கலாம்.

இம்மலையிலிருந்து சிகிச்சைக்காக இருபது கொண்டையூசி வளைவுகளையும் இறங்கிச் செல்வோர் அடுத்த முறை அவ்வாயிற் காவலரிடம் சற்று நின்று பேசுக. பயிற்சி எத்தனை நாள், கூலி எவ்வளவு, எந்நாளில் கைக்கு வருகிறது, வைப்புநிதி பிடிக்கின்றனரா என்று கேட்டறிக. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து உருபா கட்டி, ஒப்பந்தப் படியையும், ஆளொருவர்க்கு அரசு தரும் தொகையையும், பணி தவறினால் பிடிக்கும் தண்டத்தையும் எழுத்தாற் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுக. முப்பது நாளில் விடை வரவேண்டும். வந்த விடையை ஊர்மன்றில் ஒட்டுக.