குண்டுக்கும் விவேகம் வேண்டும்

('வாழ்க்கைக்குப் பெரிதும் தேவை வேகமா? விவேகமா?' என்ற தலைப்பில், 'விவேகமே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணியிலே வேகமாக வந்து உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! விவேகமாக முன்கூட்டியே வந்து முன்வரிசையைப் பிடித்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னாலே பேசிய தங்கை என்ன சொல்லிட்டுப் போனாங்க? "மனுஷன் துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பாயணும், அப்பத்தான் ஜெயிக்கலாம்"னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. சரி, அந்தக் குண்டையே கூண்டில ஏத்தி விசாரிப்போம். அதுவே எங்க கட்சிக்குச் சாட்சி சொல்லும் ஐயா!

தோட்டா என்பது என்ன? ஒரு பித்தளைக் கூடு. அடியிலே பொறி கொடுக்கிற சின்ன மூடி. உள்ளே மருந்து. வாயிலே குண்டு. கடையிலே விற்கிற தோட்டா, ரெடிமேட் சட்டை மாதிரி. அமெரிக்காவிலே சில வேட்டைக்காரர்களும் துப்பாக்கிப் பட்டறைக்காரர்களும், "இது எனக்குப் பத்தாது"ன்னாங்க. கம்பெனிக் கூட்டை வாங்கி, கழுத்தைச் சுருக்கினாங்க, தோளை நிமிர்த்தினாங்க. அதுக்கேத்த மாதிரி துப்பாக்கிக் குழலையும் கடைஞ்சுக்கிட்டாங்க. ரெடிமேட் சட்டையை டெய்லர்கிட்டக் கொடுத்துப் பிடிச்சுத் தைக்கிறோமே, அந்தக் கதைதான். எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் இல்லாத இந்தத் தோட்டாவுக்கு அங்கே பேரு 'வைல்ட்கேட்'. அதாவது காட்டுப்பூனை!

எதுக்காக இந்தப் பாடு? பெரும்பாலும் வேகத்துக்காகத்தான். எதிரணிக்கு இப்ப முகம் மலர்ந்திருக்கும். கொஞ்சம் பொறுங்க!

பி.ஓ. ஆக்லின்னு ஒருத்தர். காட்டுப்பூனைத் தோட்டா உலகத்திலே பெரிய ஆசான். வினாடிக்கு 5,000 அடி வேகம் வேணும்னு ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதுக்காக, பாதி வேடிக்கையா ஒரு தோட்டா செஞ்சார். பெரிய மிருகங்களுக்கான .378 வெதர்பி கூட்டை எடுத்தார். அதன் வாயைச் சுருக்கி, கால் அங்குலம்கூட இல்லாத .22 குண்டைச் சொருகினார். அண்டா நிறைய வெந்நீர் வச்சு ஒரே ஒரு முட்டையை அவிச்ச மாதிரி! (சிரிப்பு) பேரு என்ன தெரியுமா? 'இயர்கெஸ்பிளிட்டன் லவுடன்பூமர்'. காதைக் கிழிக்கிற பெருவெடின்னு அர்த்தம் வச்சுக்கலாம். சத்தம் வந்தது. 5,000 வந்ததா? சுமார் 4,600 அடியோட நின்னு போச்சு!

ஏன்? அங்கேதான் கணக்கு இருக்கு. கூட்டிலே மருந்துக்கான இடத்தை 20 சதவீதம் கூட்டினா, வேகம் சுமார் 5 சதவீதந்தான் கூடும். நாலு பங்கு செலவு, ஒரு பங்கு வரவு. நம்ம வீட்டிலே இப்படி வியாபாரம் பண்ணினா, அம்மா அடுத்த வேளைச் சோறு போடுவாங்களா? மருந்து கூடக் கூட உதைப்பு கூடுது, சூடு கூடுது, குழலோட தொண்டையே அரிச்சுப் போகுது.

இன்னொரு சேதி கேளுங்க. 1920-ல் நீட்னர் என்கிற பட்டறைக்காரர், ராணுவத்தின் .30-06 கூட்டைச் சுருக்கி .25-06 தோட்டா செஞ்சார். கூடு பிரமாதம். ஆனா அதுக்கேத்த மருந்து அன்னைக்கு இல்லை. இருந்த மருந்து சட்டுன்னு எரிஞ்சு, குண்டு குழலைத் தாண்டறதுக்கு முன்னாலேயே அழுத்தத்தை உச்சத்துக்கு ஏத்திடும். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம், மெதுவா எரியிற மருந்து தாராளமாக் கிடைச்சது. அது குழல் நெடுகக் குண்டைத் தள்ளிக்கிட்டே போச்சு. 1969-ல் ரெமிங்டன் கம்பெனியே அதைத் தன் பட்டியல்ல சேர்த்தது. 49 வருஷம்! நடுவர் அவர்களே, குறிச்சுக்குங்க: குண்டுக்கு வேகம் கொடுத்தது எது? மெதுவா எரிஞ்ச மருந்து! (பலத்த கைதட்டல்)

அந்த ஆக்லியையே எடுத்துக்குங்க. அவர் பழைய ராணுவத் துப்பாக்கிகளிலே மருந்தைப் படிப்படியா ஏத்தி, எது எந்த அளவிலே உடையுதுன்னு வேணும்னே உடைச்சுப் பார்த்தார். எதுக்கு? இன்னொருத்தன் முகத்துக்கு முன்னாலே அது உடையக் கூடாதுன்னு! ஆக்லி 1989-ல் காலமானார். அவர் பேரைத் தாங்கிய .280 தோட்டாவை அமெரிக்கத் தர அமைப்பு ஏத்துக்கிட்டது 2007-ல். வேகமான தோட்டாவுக்கும் அங்கீகாரம் நடந்துதான் வந்தது!

எதிரணியிலே ஒரு நண்பர் முணுமுணுக்கிறார். "விவேகம் இருந்தா வேட்டைக்கே போக மாட்டானே!" நல்ல கேள்வி. நம்ம நாட்டிலே 1972-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. வேட்டைக்குக் கதவு சாத்தியாச்சு. நான் வேட்டைக்கு வக்காலத்து வாங்க வரல்லே. அமெரிக்காவிலே பருவம் பார்த்து, அனுமதி வாங்கி மான் சுடலாம். அங்கே ஒருத்தன் சுடத்தான் போறான்னா, அவன் தலைமேல ஒரு கடமை இருக்கு. அந்த உயிர் துடிக்கக் கூடாது.

வேகத்துக்காகவே செஞ்ச சன்னமான குண்டு, கிட்டக்க இருக்கிற பெரிய மிருகத்தின் தோள் எலும்பிலே பட்டாலே சிதறிப் போகலாம். உயிர்நிலைக்குப் போய்ச் சேராது. காயம் மட்டுந்தான் மிச்சம். அதனாலேதான் அனுபவசாலி, "எவ்வளவு வேகம்?"னு முதல்ல கேக்கறதில்லே. "எந்த மிருகம்? எவ்வளவு தூரம்? எவ்வளவு கனமான குண்டு?" இதைத்தான் கேப்பான். அப்புறந்தான் கூட்டைத் தொடுவான்.

காயம் மட்டும் மிச்சமானா என்ன ஆகும்? நம்ம குமாவுன் மலைக்கு வாங்க. சம்பாவத் பெண்புலி. நேபாளத்திலும் இந்தியாவிலுமா 436 பேரைக் கொன்ற புலி. 1907-ல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்திப் பார்த்தார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல்லும் கீழ்க் கோரைப்பல்லும் உடைஞ்சிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம்! அதனாலேதான் இயல்பான இரையை அடிக்க முடியாம அது ஆள்கொல்லியாச்சுன்னு கார்பெட்டே எழுதியிருக்கார். யாரோ சுட்டாங்க. குண்டு பாய்ஞ்சது. எதிரணி சொல்ற வேகம் அதுக்கும் இருந்தது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரல்லே. சுட்டவன் பேரு நமக்குத் தெரியாது. விலை கொடுத்தது விறகு பொறுக்கப் போன பெண்களும், புல்லறுக்கப் போன ஏழைகளும்! (அரங்கில் அமைதி)

வேகம் வேண்டாம்னு நான் சொல்லல்லே ஐயா. வேகம் இல்லாத குண்டு கூழாங்கல்லு. ஆனா விட்ட குண்டை யாராலும் திரும்பக் கூப்பிட முடியாது. பேசின பேச்சும் அப்படித்தான், கோபத்திலே ஓங்கின கையும் அப்படித்தான். யோசிக்கிறதுக்கு நேரம் இருக்கிறது விசையை இழுக்கிறதுக்கு முன்னாலே மட்டுந்தான். அந்த ஒரு நொடிக்குப் பேருதான் விவேகம்.

பதறாத காரியம் சிதறாதுன்னு நம்ம பெரியவங்க சொன்னாங்க. குண்டுக்கும் அதுதான், குடும்பத்துக்கும் அதுதான். ஆகவே வாழ்க்கைக்குப் பெரிதும் தேவை விவேகமே, விவேகமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.