காதுக்கும் சுருதி சேர்க்க வேண்டும்!

(தலைப்பு: மாணவரின் பேச்சுத் திறனுக்கு நியாயமான மதிப்பெண் தரத் துணைநிற்பது ஆசிரியரின் அனுபவமே! பயிற்சியே! – ‘பயிற்சியே’ என்ற அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு போடு போட்டாங்க. ‘முப்பது வருஷம் வகுப்பிலே நின்னவ நான். ஒரு பையன் வாயைத் திறந்தாலே போதும், அவனுக்கு எத்தனை மார்க்குன்னு எனக்குத் தெரிஞ்சு போயிடும்’னு சொன்னாங்க. நீங்களும் கைதட்டினீங்க. நடுவர் அவர்களே, எனக்குப் பயமே அங்கேதான்! வாயைத் திறந்த உடனே மார்க் தெரிஞ்சு போச்சுன்னா, அதுக்கப்புறம் அந்தப் பையன் எதுக்குப் பேசணும்? (சிரிப்பு, கைதட்டல்)

எழுத்துத் தேர்வுன்னா விடைத்தாள் இருக்கு. மறுகூட்டல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். தாள் சாட்சி சொல்லும். பேச்சுக்கு யார் சாட்சி? பதிவு செய்து வைக்காவிட்டால் காத்தோடு போச்சு. அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே சாட்சி, எதிரே உட்கார்ந்திருக்கிற ஆசிரியரின் காது. அந்தக் காது நியாயமா இருக்கணுமா, இல்லையா?

ஒரு பெண் குழந்தைன்னு வச்சுக்குங்க. மொழிப்பாடத்திலே பேச்சுத் தேர்வு, பத்து மார்க். முதல் அறையிலே இருக்கிற ஆசிரியர் இலக்கணப் பிரியர். ஒருமை பன்மை தப்பினா அரை மார்க் போச்சு. அடுத்த அறையிலே இருக்கிறவர், ‘பயப்படாம பேசினியே கண்ணு, அதுவே பெரிசு’ன்னு அள்ளிக் கொடுக்கிறவர். இரண்டு பேரும் நல்லவங்க, அனுபவசாலிங்க. ஆனா அதே குழந்தை அதே பேச்சைப் பேசினா இந்த அறையிலே அஞ்சு, அந்த அறையிலே ஒன்பது! அப்ப மார்க் யாருக்கு? குழந்தையோட பேச்சுக்கா, அறைக் கதவிலே ஒட்டியிருக்கிற நம்பருக்கா? (கைதட்டல்)

எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1920-ல் ஒரு கட்டுரை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகப் போட வேண்டும். போட்டதைப் பார்த்தால், ஒன்றிலே கூட வாங்கியவன் மற்றதிலும் கூடவே வாங்கியிருக்கிறான். ஒரு நல்ல அம்சம் கண்ணிலே பட்டதும் மற்றதெல்லாம் அந்த வெளிச்சத்திலேயே தெரிந்திருக்கிறது. இதற்கு அவர் ‘ஒளிவட்டம்’ என்று பெயர் வைத்தார். நம்ம சாமி படத்திலே தலைக்குப் பின்னாலே இருக்குமே, அதேதான்!

பேச்சுத் தேர்விலும் அதுதான் நடக்குது. பளபளன்னு உச்சரிப்போட ஒரு பிள்ளை ஆரம்பிச்சா, சொல்வளமும் பிரமாதம், கருத்தும் பிரமாதம்னு நமக்குத் தோணிப் போகுது. கிராமத்து இழுவையோட இன்னொரு பிள்ளை பேசினா, அது எவ்வளவு நல்ல விஷயம் சொன்னாலும் நம்ம காது ஏறுவதில்லை. அனுபவம் இதைத் திருத்துமா? பல நேரம் இந்தப் பழக்கத்துக்கே ‘அனுபவம்’னு பேர் வச்சிடறோம்! (சிரிப்பு)

சரி, அளவுகோல் இல்லையான்னு எதிரணி கேட்கலாம். இருக்கு. ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் ஒரு பொதுச் சட்டகம் வெளியிட்டது. மொழித்திறனை ஆறு நிலையாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையிலும் மாணவர் என்னென்ன செய்ய முடியும்னு எழுதி வச்சிருக்காங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்க வெளிநாடு போக எழுதற ஐ.இ.எல்.டி.எஸ். தேர்விலே, பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிஷம். தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நாலுக்கும் தனித்தனி மதிப்பெண்.

ஆனா அளவுகோலைக் கையிலே கொடுத்துட்டா போதுமா? ‘தடையில்லாமல் பேசுகிறார்’னு போட்டிருக்கு. எது தடை? கருத்தை யோசிக்க ஒரு நிமிஷம் நிற்கிறதும் வார்த்தை கிடைக்காம தவிக்கிறதும் ஒண்ணா? அங்கேதான் பயிற்சி வருது.

பயிற்சி எப்படி நடக்குது? இருபது ஆசிரியர்களை உட்கார வச்சு, ஒரு மாணவர் பேசின ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டுவாங்க. பக்கத்திலே இருக்கிறவர் தாளைப் பார்க்காமல் அவரவர் மார்க் போடணும். அப்புறம் எல்லா மார்க்கையும் பலகையிலே எழுதுவாங்க. ஒருத்தர் நாலு, ஒருத்தர் எட்டு! அப்ப ‘எனக்குத் தோணிச்சு’ன்னு சொல்லக் கூடாது. மாணவர் என்ன சொன்னார், அது அளவுகோலில் எந்த வரிக்குப் பொருந்துதுன்னு எடுத்துக் காட்டணும். பேசி முடிச்சு, அடுத்த பதிவு. மறுபடி மார்க். நாலும் எட்டும் மெல்ல மெல்ல நெருங்கி வரும்.

இது தமிழுக்கும் பொருந்தும் ஐயா. சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, 2005-ல் வகுப்பிலே பேச்சுத் தமிழுக்கு முக்கிய இடம் கொடுக்கச் சொன்னது. வீட்டிலே தமிழ் வாழணும்னா பிள்ளைங்க பேசற தமிழ் வேணுமில்லையா? இப்ப ஒரு பிள்ளை, ‘நேத்து அம்மாவோட கடைக்குப் போனேன்’னு சொல்லுது. ‘நேற்று அன்னையுடன் அங்காடிக்குச் சென்றேன்’ என்று சொல்லாததால் மார்க் குறையுமா? முன்கூட்டியே கூடிப் பேசி முடிவு செய்யாவிட்டால், ஒரு தமிழாசிரியர் ‘இயல்பான பேச்சு’ன்னு கூட்டுவார், இன்னொருத்தர் ‘கொச்சை’ன்னு குறைப்பார். நடுவிலே நசுங்குவது குழந்தை! (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவர் கேட்டார்: ‘பயிற்சி கொடுத்துட்டா கறாரான வாத்தியார் மாறிடுவாரா?’ நியாயமான கேள்வி. முழுசா மாற மாட்டார். நான் மறைக்கலை. ஆனா பயிற்சியால் கிடைக்கிற பெரிய பலன் வேற. கறாரானவர் காலையிலும் சாயங்காலமும் ஒரே மாதிரி கறாராக இருப்பார்; முதல் பிள்ளைக்கும் முப்பதாவது பிள்ளைக்கும் ஒரே கோல் பிடிப்பார். கடிகாரம் எப்பவும் அஞ்சு நிமிஷம் வேகமா ஓடினா கழிச்சுப் பார்த்துக்கலாம். வேளைக்கு ஒரு மாதிரி ஓடினா? அதனாலேதான் பயிற்சியோட, முடிஞ்ச இடத்திலே இரண்டு பேர் மதிப்பிடணும், பேச்சைப் பதிவு செய்து வைக்கணும்னு நாங்க சொல்றோம்.

இன்னொண்ணு. டாம் லம்லி, டிம் மெக்நமாரா என்ற இருவர், ஆஸ்திரேலியாவில் வேலைக்கு வரும் வெளிநாட்டு மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வை ஆராய்ந்து 1995-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயிற்சியின் பலன் நெடுநாள் நிற்காமல் போகலாம், ஆகவே ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும் திரும்பச் செய்ய வேண்டும் என்பது அதிலிருந்து கிடைக்கிற பாடம். நமக்கு இது புதுசா? காய்கறிக் கடைத் தராசுக்கே குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை முத்திரை போடச் சொல்லுது சட்டம். கத்தரிக்காய்க்கு இருக்கிற பாதுகாப்பு நம்ம பிள்ளைங்க பேச்சுக்கு வேண்டாமா? (கைதட்டல்)

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? கணக்கிலே குறைஞ்சா, பிள்ளை ‘கணக்கு வரலை’ன்னு நினைக்கும். பேச்சிலே காரணம் தெரியாமல் குறைஞ்சா, ‘நான் பேசினாலே தப்பு’ன்னு நினைச்சு வாயை மூடிக்கும். அப்படி மூடின வாய் நேர்முகத் தேர்விலும் திறக்காது, தனக்கு ஒரு அநியாயம் நடந்தா தட்டிக் கேட்கவும் திறக்காது.

அனுபவத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. நாற்பது வருஷம் மேடை கண்ட மிருதங்க வித்வானைப் பாருங்கள். ‘எனக்குத்தான் அனுபவம் இருக்கே’ன்னு அப்படியே வாசிக்க ஆரம்பிச்சுடறாரா? ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னாலே தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கிறார். நடுவிலே இறங்கினா மறுபடியும் சேர்க்கிறார். அனுபவம் இருக்கிறதாலேதான் அவருக்குத் தெரியுது, சுருதி விலகும்னு!

எனவே நடுவர் அவர்களே, ஆசிரியரின் காதுக்கும் சுருதி சேர்க்க வேண்டும். அந்தச் சுருதியின் பெயர்தான் பயிற்சி. ஆகவே, ‘பயிற்சியே’ என்று நல்லதொரு தீர்ப்பை வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.